ஏழுக்கு ஏழு

உட்காருங்கள். அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். பந்து வாளிதான், ஒன்றும் ஒட்டாது.

யாரைத் தேடி வந்தீர்கள் என்று சொல்லவே வேண்டாம். கோயம்புத்தூர் நம்பர் போட்ட வண்டி, முட்டிவரை ஈரம், முகத்தில் ஒரு கூச்சம். உடம்பைத் திருப்பி அடிக்கச் சொல்லித்தருகிற ஆளைத் தேடி வந்திருக்கிறீர்கள். இந்த மாதத்தில் நீங்கள் ஒன்பதாவது. முன்னால் வந்த எட்டுப் பேரும் இந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவனும் நின்று, நீங்கள் யார் என்று கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்கினீர்கள், அவ்வளவுதான்.

நான் சவரிமுத்து. இந்த கோல்ஃப் கிளப்பின் கோச். முப்பத்தோரு வருஷம். நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கிறீர்களே, ரப்பர் பாய், அது என்னுடையது. இந்த மலையில் மட்டை பிடிக்கிற அத்தனை பேரும் அதில் நின்று அடித்துப் பழகியவர்கள்தான். காலை எடுங்கள். ஆங்.

இடுப்பு. எல்லாருக்கும் இப்போது இடுப்புதான். போனைத் திறந்தால் எவனோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரன், இடுப்பைச் சுற்று, பந்து தானாகப் போகும் என்கிறான். தானாகப் போவதற்கு அது என்ன டவுன் பஸ்ஸா?

நான் சொல்லித்தருவது மூன்றே விஷயம். தலை அசையக் கூடாது. கால் அசையக் கூடாது. இடுப்பு அசையவே கூடாது. கைதான் அடிக்கும். ஆண்டவர் கையை வேறு எதற்குக் கொடுத்தார்?

சொன்னால் கேட்காத இடுப்புக்கு வைத்தியம் வைத்திருந்தேன். அதோ அந்தக் கற்பூர மரம் தெரிகிறதா? அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஆளின் இடுப்பில் இறுக்கிவிடுவேன். அடி, என்பேன். டாக்டர்களைக் கட்டியிருக்கிறேன். ஒரு ஜட்ஜைக் கட்டியிருக்கிறேன். முதுகு பிடித்துக்கொள்கிறது என்பார்கள். பிடிக்கட்டும். முதுகு பிடிக்காமல் என்ன ஆட்டம்?

இது என் சொந்தச் சரக்கு இல்லை. மெக்ராய் துரையிடம் கற்றது. எஸ்டேட் துரை. ஏழு வருஷம் அவருக்கு மட்டைப் பை தூக்கினேன். தூண் மாதிரி நிற்பார். இடுப்பு ஒரு இம்மி அசையாது. கை மட்டும் போகும், வரும். அப்படி ஒரு கம்பீரம். சண்டையில் இடுப்பில் குண்டு பாய்ந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். குளிர்காலத்தில் அவரைக் காரிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். அது வேறு கதை. ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரு மாற்றமும் செய்யவில்லை.

என்ன சிரிப்பு?

சரி. நீங்கள் தேடி வந்த ஆள். அது ஒரு பொம்பளை. கோச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. பனி தட்டுகிற பொம்பளை.

பனி தட்டுவது தெரியாதா? கொடி நட்டு வைத்து, புல்லை ஒட்ட வெட்டியிருக்கும் இல்லையா, அதுதான் கிரீன். விடியற்காலையில் அதன்மேல் பனி வெள்ளையாக நிற்கும். விட்டால் பந்து உருளாது, புல்லுக்கும் நோய் வரும். அதனால் இருபதடி மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் வீசி வீசிப் பனியை உதிர்க்க வேண்டும். எங்களுக்கு ஒன்பது கிரீன். இருபத்தாறு வருஷமாக அந்தப் பொம்பளைதான் தட்டுகிறது. கழி கனம். கையால் வீசினால் இரண்டாவது கிரீனில் தோள் கழன்றுவிடும். அதனால் கழியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வயிற்றைத் திருப்பும். கழி பின்னாலேயே வரும். மறுபடி அந்தப் பக்கம். அவ்வளவுதான். கூட்டுகிற வேலை. அதில் கோல்ஃப் எங்கே இருக்கிறது?

எங்கள் கர்னல் கண்டுபிடித்தார்.

கர்னல் பூவையா. கிளப் பிரசிடென்ட், ரிடையரான மனுஷன். பதினாறு வருஷம் என்னிடம் கற்றார். பந்து வலப்பக்கம் வளைந்து போகும். பக்கத்தில் தேயிலைத் தோட்டம். பதினாறு வருஷமாகத் தோட்டத்துக்குப் பந்து சப்ளை அவர்தான். போன ஐப்பசியில் முதுகு பிடித்து, காலையில் நடங்கள் என்று டாக்டர் சொல்ல, ஆறு மணிக்கு நடக்க வந்தார். வந்தவர் மூன்றாவது கிரீன் பக்கத்தில் நின்றுவிட்டார். மறுநாளும் நின்றார். அடுத்த நாளும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பொம்பளையையே பார்க்கிறார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பனி தட்டுவதில் குறை கண்டுவிட்டார், வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். எனக்கு ஏன் பயம் என்கிறீர்களா? அது என் பெண்டாட்டி. ஆமாம் சார், லூர்து. என் வீட்டுக்காரி. வாயை மூடுங்கள், சாரல் உள்ளே போகும்.

நாலாவது நாள் அவளை இங்கே கூட்டிக்கொண்டு வந்தார்.

"சவரி, உன் ஏழாம் நம்பர் மட்டையைக் குடு."

"யாருக்கு சார்?"

"லூர்துக்கு."

சிரித்துவிட்டேன். "தொடப்பம் குடுங்க சார், நல்லா அடிப்பா."

அவள் பின்வாங்கினாள். "வேணாங்கய்யா. அவரு திட்டுவாரு."

"திட்டட்டும். நான் நிக்கிறேன்ல."

ரப்பர் பூட்ஸ். என் பழைய ஸ்வெட்டர். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். இந்தக் கோலத்தில் என் பாயில் ஏறி நிற்கிறாள். மட்டையைக் கழி மாதிரியே பிடித்தாள். பிடியே தப்பு. தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அடித்துவிட்டாள்.

சத்தம். அந்தச் சத்தத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சிதறுகாயை ஓங்கிப் போட்டால் ஒரே போடில் உடையுமே, அப்படி. பந்து நேராகப் போனது. டீ ஃபாக்டரி வைத்திருக்கிற பெள்ளி, கமிட்டி மெம்பர், என்னிடம் பழகுகிறவர், அங்கே டம்ளரோடு நின்றிருந்தார், வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றுவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாக்கூட யாருக்கும் ஒண்ணு போகும்" என்றேன்.

கர்னல் இன்னொரு பந்தை வைத்தார். அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு பந்து. நான்தான் பொறுக்கப் போனேன். ஒரு போர்வையை விரித்தால் பன்னிரண்டையும் மூடிவிடலாம், அவ்வளவு இடத்தில் கிடந்தன. அன்றைக்குக் காற்று அப்படி.

எப்படி அடிக்கிறாய் என்று கேட்டார் கர்னல். அவளுக்கு என்ன தெரியும்?

"எனக்கென்னங்க தெரியும்? கழி மாதிரிதானுங்க. வயித்தத் திருப்பினா கை பின்னாலயே வருது. கைய முன்ன விட்டா கழி தரையில குத்திக்கும்."

"எந்தப் பக்கம் அடிக்கணும்னு எப்படித் தெரியுது?"

"தொப்புளு எங்க பாக்குதோ அங்கதானுங்க போவும்."

தொப்புள்! நான் முப்பத்தோரு வருஷமாக விரல் இப்படி, மணிக்கட்டு இப்படி என்று தொண்டை வறள வறளச் சொல்லித்தந்திருக்கிறேன். மெம்பர்கள் பெண்டு பிள்ளைகளோடு காபி குடிக்கிற இடத்தில் அன்றிலிருந்து கர்னல் தொப்புளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேஜையிலிருந்து எழுந்து நின்று காட்டினார் சார். வெட்கக்கேடு.

அவள் சொன்னதைக் கர்னல் பழகினார். எப்படி என்கிறீர்களா? நீங்கள் பழகத்தானே வந்திருக்கிறீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள், சிரிப்பு வரும். முதலில் கனம் முழுவதையும் வலது குதிகாலில் இறக்கிக்கொண்டு, முதுகு கொடியைப் பார்க்கிறவரை உடம்பைத் திருப்ப வேண்டுமாம். கை சும்மா கூட வருமாம். அப்புறம் திரும்பி வரும்போது கை முதலில் வரக் கூடாதாம். இடது இடுப்பு முதலில் வழிவிட வேண்டுமாம். இவருக்கு அது பிடிபடவில்லை. அவள் சொன்னாள்: "ரெண்டு கையிலயும் குடம் இருக்குதுங்க. கதவு சாத்தியிருக்குது. என்னங்க செய்வீங்க?"

"இடுப்பால தள்ளுவேன்."

"தள்ளுங்க."

தள்ளினார். இடுப்பு போச்சு, பின்னாலேயே நெஞ்சு போச்சு, கடைசியில் கை வந்தது. முதலில் பந்து, பந்துக்கு அப்புறம்தான் புல் பெயர்ந்தது. அவ்வளவு நாளும் அவருக்குப் புல் முதலில் பெயரும், பந்து அப்புறம் போகும், அல்லது போகாது. இது ஒரு பெரிய அதிசயம் என்று கர்னல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு கழியைத் தேடிப் போனாள்.

இரண்டு மாதம். தோட்டத்துக்குள் ஒரு பந்தும் போகவில்லை. கொழுந்து பறிக்கிற பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், "ஏண்ணா, தொரைக்கு ஒடம்பு சரியில்லையா? பந்தே வர்றதில்லையே?"

அப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவருக்கு இடுப்பில் கயிறு உரசிப் புண்ணாம். ஒருவருக்கு டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னாராம். ஓய்வு எடுக்கிறவன் காலை ஆறு மணிக்கு மூன்றாவது கிரீனில் என்ன செய்கிறான்? பெள்ளி மட்டும் வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன். அவரும் அடிக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பினால் இடுப்பை அசைப்பார். எனக்குத் தெரியும்.

தை மாதம் கமிட்டி கூடியது. லூர்துவைப் பாயில் போடலாமா என்று பேச்சு. பாயில் போடுவது என்றால் கோச் ஆக்குவது. எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டுக்கு அனுப்புவது. கதவைத் தட்டாமல் உள்ளே போனேன்.

"பத்துப் பந்து," என்றேன். "அவளுக்குப் பத்து, எனக்குப் பத்து. ஓடையைத் தாண்டணும். அவ ஜெயிச்சா பாய் அவளுக்கு. நான் நாளையிலேர்ந்து கழியத் தூக்கறேன்."

பெள்ளிதான் பேசினார். "சவரியண்ணா, வேணாம்ணா. புருஷன் பெண்டாட்டிக்குள்ள எதுக்குண்ணா இது?"

"வீடு வேற. பாய் வேற."

வீட்டில் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வரல."

"உன்னைக் கேட்டேனா?"

"நீங்க எதுக்குங்க கழி தூக்கணும்? உங்களுக்குக் குனிஞ்சா நிமிர முடியல."

"ஜெயிச்சாத்தான தூக்கணும்? நீ எங்க ஜெயிக்கப்போற? ரசத்த ஊத்து."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தோம். கிளப்பே வந்து நின்றது. சமையல்கட்டு ஆட்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். இங்கிருந்து ஓடை நூற்றிருபது கஜம். நான் முதலில் அடித்தேன். வயசில் மூத்தவன்.

முதல் நாலும் தாண்டியது. மெக்ராய் துரை பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஐந்தாவதுக்குப் பாய் ஈரம். மட்டை பின்னாலேயே குத்தி நின்றுவிட்டது. ஆறு தாண்டியது. ஏழு, பந்தின் மண்டையில் பட்டு உருண்டு போய் ஓடையில் விழுந்தது. எவனோ இருமினான். எட்டு தாண்டியது. ஒன்பது விழுந்தது, அதற்குக் காரணம் சொல்ல நான் தயாரில்லை. பத்து தாண்டியது. ஏழு. எழுபத்து மூன்று வயசில், இடுப்பு அசையாமல், பத்துக்கு ஏழு. நீங்கள் அடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். கடைசிப் பந்துக்கு அப்புறம் பெள்ளி வந்து என் கையைப் பிடித்து அந்தப் பெஞ்சுவரை கூட்டிவந்தார். மரியாதைக்கு.

அவள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை. காலில் அதே பூட்ஸ்.

ஒன்று. அந்தச் சத்தம். இரண்டு. மூன்று. ஒரே மாதிரி திரும்புகிறாள், ஒரே மாதிரி வருகிறது. பார்க்கவே அலுப்பு. நாலு, ஐந்து, ஆறு. அவசரமும் இல்லை, யோசனையும் இல்லை. என்னைப் போல நான்கு தடவை மட்டையை அசைத்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது. நிற்கிறாள், திரும்புகிறாள். ஏழு. எல்லாமே ஓடையைத் தாண்டி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடக்கிறது. கைதட்டினார்கள். இன்னும் ஒன்றே ஒன்று. மூன்று பந்து பாக்கி.

நான் கொட்டகைக்குள் வந்தேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். தொப்பியை எடுத்தேன். அப்புறம் என் பெயர் எழுதின பலகை, இதோ இருக்கிறதே, இதை ஆணியிலிருந்து கழற்றினேன். தூசியாக இருந்தது, துடைக்கலாம் என்று. எட்டவில்லை, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எக்கிக் கழற்றினேன். பலகை கையில் இருக்கத் திரும்பினால் அவள் அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னடி பார்வை? அடி."

திரும்பிக்கொண்டாள்.

எட்டு. அதே திருப்பம், அதே சத்தம். பந்து ஓடையில் விழுந்தது. ஒன்பது. ஓடை. பத்து. ஓடை.

ஏழுக்கு ஏழு. சமம் என்றால் பாய் இருக்கிறவனுக்கே. அது சட்டம். சட்டப் புத்தகத்தில் இல்லையென்றாலும் அதுதான் சட்டம். பலகையை மறுபடி மாட்டினேன்.

இதைத்தான் சொல்கிறேன் நான். இடுப்பை நம்பக் கூடாது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், வேண்டிய நேரத்தில் காலை வாரிவிடும். நிலையாக வராது. நானே ஓடையில் இறங்கிப் பந்துகளை எடுத்தேன். என்னுடைய இரண்டில் ஒன்று எங்கோ கிடந்தது, ஒன்று கிடைக்கவே இல்லை. அவளுடைய மூன்றும் ஒரே பாறைக்கு அடியில், கோழி இட்டு வைத்த முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தன. பார்த்தீர்களா? தப்பு செய்தாலும் மூன்று தடவையும் அச்சு அசலாக அதே தப்பு. திருத்திக்கொள்கிற புத்தி கிடையாது.

கர்னல் என்ன செய்தார் தெரியுமா? நேராக அவளிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார். ஜெயித்தவன் நான் இங்கே நிற்கிறேன். சமம்தான், சரி, சமமானவன் இங்கே நிற்கிறேன். என் பக்கம் திரும்பி, "அதிர்ஷ்டக்காரன்யா நீ" என்றார். அதிர்ஷ்டமா? முப்பத்தோரு வருஷ உழைப்பு சார் அது. தோற்றுப்போனால் மிலிட்டரிக்காரர்களுக்குப் பொறுக்காது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். எங்கே தப்பு, எதனால் தப்பு என்று. கேட்டுக்கொண்டே வந்தாள். சர்ச் வளைவில் நின்று கேட்டேன், "சரி, பெரிசா சொன்னியே, கடைசி மூணு பந்துக்குத் தொப்புள் எங்க பாத்துச்சு?"

"ஓடையப் பாத்துச்சுங்க" என்றாள்.

ஒப்புக்கொண்டாள். தன் வாயால் ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்து பாய் என்னுடையது. யாரும் வாயைத் திறப்பதில்லை. வருவதும் இல்லை. மழை என்பார்கள், வெயில் என்பார்கள், பிள்ளைக்குப் பரீட்சை என்பார்கள். ஆறு மணிக்கு ஒன்பதாவது கிரீனில் போய்ப் பாருங்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு மூங்கில், வரிசையாக நின்று பேய் பிடித்தவன் மாதிரி திரும்பிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கிரீனில் இப்போது அவளுக்கு வேலையே இல்லை, பனியை இவர்களே தட்டிவிடுகிறார்கள். பெள்ளியும் இருக்கிறார். என்னைப் பார்த்தால் கழியை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார். இருபதடிக் கழியை.

அவள் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டால், "நான் பனி தட்டறேங்க, பாத்துக்குங்க. வேற எதுன்னாலும் அவருகிட்ட கேளுங்க, கோச்சு அவருதான்" என்கிறாள். ஒவ்வொருவனிடமும் சொல்கிறாளாம். ஒருவனும் வந்து கேட்டதில்லை. இங்கே உட்கார்ந்து பந்தைத் துடைக்கிறேன். சுத்தமான பந்தையே துடைக்கிறேன்.

மழை விட்டுவிட்டது. எழுந்திருங்கள். இப்போது போய்ப் பிரயோஜனமில்லை, அவள் வீட்டுக்குப் போயிருப்பாள். நாளைக்கு ஆறு மணிக்கு வாருங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், இந்தச் சட்டை தாங்காது.

ஒன்று செய்யுங்கள். நீங்கள் வெளியூர்க்காரர், இன்னொரு தடவை அவள் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. அவளிடம் கேளுங்கள். ஏழு தடவை கொடியைப் பார்த்த தொப்புள் எட்டாவது தடவை எதற்கு ஓடையைப் பார்த்தது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அந்த வளைவில் நின்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிலை என்னிடம் கொண்டுவராதீர்கள்.